குன்னூரில் ஒரு மரத்தளம்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் மலை இரயில், கல்லாறு நிலையம் வரை சமவெளி வண்டியைப் போலவே ஓடுகின்றது. அதற்கு அப்பால்தான் அதன் உழைப்புத் தொடங்குகின்றது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்துள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடிக்க, ஏறத்தாழப் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றமாக, மூச்சு வாங்கிக்கொண்டு அது மலையேறுகின்றது. 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் திறக்கப்பட்ட பாதை இது. குன்னூர் வரையுள்ள முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவைக் கடக்க மூன்று மணி நேரத்திற்கு மேலாகின்றது. விரைவு ஒன்றையே பெரிதாக மதிக்கும் இந்நாளில், மெதுவாகச் செல்வதற்கென்றே மக்கள் சீட்டு வாங்கும் வண்டி இது ஒன்றுதான் போலும்!

சென்ற பிப்ரவரித் திங்களில் நான் அவ்வண்டியில் ஏறியது மலைக்காட்சிகளுக்காக அன்று. என் தங்கையின் மகளும் அவள் கணவரும் குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் பாதியை விலைக்கு வாங்கிக் குடியேறியிருந்தனர். “மாமா, இங்கே தரை வேலை நடக்கிறது. ஆசாரியார் ஒன்று சொல்கிறார், இவர் ஒன்று சொல்கிறார். நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்” என்று அவள் தொலைபேசியில் கூறியிருந்தாள். அவள் குரலில் இருந்த கலக்கம் தரையைப் பற்றியது மட்டுமன்று என்பது எனக்கு விளங்கிற்று. அவளுக்குப் பத்து மாதக் குழந்தை உண்டு. தவழத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

சமவெளியில் வாழும் நமக்குத் தரை என்றால் கல்லும் சிமெண்டும் ஓடுமே நினைவுக்கு வரும். நீலகிரியில் வெள்ளையர் காலத்தில் எழுந்த பழைய வீடுகள் பலவற்றில் தரை மரத்தால் ஆனது. கற்கட்டின் மேல் விட்டங்களைக் கிடத்தி, அவற்றின் மீது பலகைகளை அடித்திருப்பார்கள். ஒரு பலகையின் விளிம்பிலுள்ள நாக்கு அடுத்த பலகையின் காடியில் நுழைந்து நிற்கும். தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஓரிரண்டடி வெற்றிடம் இருக்கும். அதற்குள் காற்றுப் புகுந்து வெளியேறச் சுவரின் அடியில் கம்பியிட்ட துளைகள் இருக்கும். குளிரும் ஈரமும் மிகுந்த நாட்டில் காலுக்கு இதம் தருவதும், மரம் உளுத்துப் போகாமல் காப்பதும் இந்த ஏற்பாடே.

நான் சென்று பார்த்த வீட்டின் கூடம் பதினான்கடிக்குப் பதினாறடி. தரைப் பலகைகள் தேக்கு என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஆனால் தேக்கு எங்கே தெரிந்தது? கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செங்கல் நிறத்தில் தடித்துக் கிடந்த வர்ணப் பூச்சுத்தான். நடைபட்ட இடங்களில் அது தேய்ந்து, அடியிலிருந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. சன்னல் ஓரத்தில் அதுவும் உதிர்ந்து பச்சை தெரிந்தது. ஒவ்வொரு குடி மாறும்போதும், கறையையும் கீறலையும் மறைக்க ஒரு பூச்சு ஏறியிருக்க வேண்டும். கழுவித் துடைப்பதைவிட மூடி மறைப்பது எளிதல்லவா?

அந்த வர்ணத்தை நீக்கிவிட்டு, தேக்கின் இயல்பான நிறம் தெரியும்படி எண்ணெய் பூசிப் பளபளப்பாக்க வேண்டும் என்பது இளந்தம்பதியரின் ஆசை. மருமகன் கோயம்புத்தூரிலிருந்து தேய்ப்பு இயந்திரம் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து, முதலில் சிறிய அறை ஒன்றைத் தாமே தேய்த்துப் பார்த்திருக்கிறார். பழைய வர்ணம் சூட்டில் இளகி உப்புத்தாளில் அடைத்துக்கொண்டது. தாளுக்கு மேல் தாள் பாழாயிற்று. அறை முழுவதும் மாவு போலத் தூசி எழும்பிற்று. அப்பொழுது குழந்தை பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்தது. நடுவே இருந்த கதவு திறந்தேயிருந்தது.

இரண்டு நாள் கழித்து, உளுத்துப்போன பலகை ஒன்றை மாற்றுவதற்காக வந்த ஆசாரியார், சன்னல் கட்டையில் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இயந்திரத்தை நிறுத்துங்கள், குழந்தையை இந்தப் பக்கமே விடாதீர்கள்” என்றாராம். அதிலிருந்துதான் இருவருக்கும் வாதம்.

ஆசாரியார் எழுபதை நெருங்கியவர். அவருடைய பாட்டனார் உளியும் இழைப்புளியும் தோளில் தொங்க, மலையாளக் கரையிலிருந்து கூடலூர் வழியாக மலையேறி வந்தவர். நான் சென்ற அன்று அவர் என்னைக் கூடத்தின் மூலைக்கு அழைத்துச் சென்று, சதுர அங்குல அளவில் தரையைச் சிறு கத்தியால் படிப்படியாகச் சீவிக் காட்டினார். மேலே செங்கல் நிறம், அதன்கீழ்ச் சாம்பல், அதன்கீழ்ப் பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சளோடிய வெள்ளை, அதற்கும் அடியில் தேக்கு.

“ஐயா, மேலே இருக்கிற காவிக்கு நான் பயப்படவில்லை. அது இரும்புத் துரு. அடியில் இருக்கிற பச்சையும் வெள்ளையும்தான் எனக்குப் பயம். அந்தக் காலத்துப் பூச்சில் ஈயம் இல்லாமல் இராது. என் தகப்பனாரோடு வேலை பார்த்த பூச்சுக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்குள் அவருக்கு மணிக்கட்டு தொங்கிப் போயிற்று. தூரிகையைத் தூக்க முடியவில்லை. குடிப்பழக்கம் என்று ஊர் சொல்லிற்று. அவர் குடித்ததே இல்லை” என்றார்.

ஆசாரியார் கூறியது கட்டுக்கதையன்று. பூச்சு வேலை செய்தோரிடம் மணிக்கட்டு தளர்ந்து தொங்குவது ஈய நஞ்சின் அடையாளமாக மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகவே இடம்பெற்றுள்ளது. ஈயவெள்ளை ஒரு காலத்தில் வெண்மைக்கும் உறுதிக்கும் பேர்போன வர்ணம். மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஈயத்தின் குரோமேட்டு உப்பைச் சேர்ப்பதுண்டு. வர்ணம் விரைவில் உலர்வதற்கென்றும் ஈய உப்புகளைக் கலந்தனர். இதன் தீங்கை உணர்ந்து, கட்டடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளை பூசுவதைச் சில விலக்குகளுடன் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றைப் பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1921-ஆம் ஆண்டிலேயே ஏற்றது. அமெரிக்க நாடு வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 1978-இல் தடை செய்தது. நம் நாட்டிலோ, பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்ற விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன்பு பூசப்பட்ட எந்த வர்ணத்தையும் நிறத்தைப் பார்த்து நம்பிவிட முடியாது. செங்காவியும் ஈயச் செந்தூரமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும்; முன்னது இரும்பு, பின்னது நஞ்சு.

எல்லா அடுக்குகளும் சேர்ந்த ஒரு சில்லைப் பெயர்த்து, ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். நான் சென்ற மறுநாள் அறிக்கை வந்தது. ஈயம் இருந்தது, பத்து இலட்சத்தில் பல்லாயிரம் பங்கு இருந்தது.

மருமகன் அறிக்கையை இரண்டு முறை வாசித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் சென்று, தேய்த்து முடித்த சிறிய அறையின் வாசலில் நின்றார். “கதவைச் சாத்தியிருக்கலாம் மாமா, ஒரு கதவைச் சாத்தியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். என் தங்கை மகள் கண்களைத் துடைத்துக்கொண்டு, “நாம் இருவரும்தானே அவசரப்பட்டோம்? இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம்” என்றாள். அன்று மாலையே குழந்தையை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் இருக்கும் தன் தாயாரிடம் புறப்பட்டாள்.

அங்கே குழந்தையின் குருதியைச் சோதித்தார்கள். ஒரு டெசிலிட்டர் குருதியில் 6 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அளவு 5 மைக்ரோகிராமை எட்டினாலே, ஈயம் எங்கிருந்து வருகின்றது என்று கண்டறிந்து அதை நீக்க வேண்டும் என்பது 2021-இல் உலக நலவாழ்வு நிறுவனம் தந்த வழிகாட்டல். மருத்துவர் பதறவும் இல்லை. பொய்யான ஆறுதல் சொல்லவும் இல்லை. ஈயத்தைப் பொறுத்தவரையில் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கு ஐந்து மடங்கு மிகுதியாகக் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும். வளரும் மூளையை அது தாக்கும். ஆயினும் இந்த அளவுக்கு மருந்து தேவையில்லை. தூசியிலிருந்து விலக்கி வைத்தால் குருதியிலுள்ள ஈயம் சில வாரங்களில் குறையத் தொடங்கும் என்றார். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குன்றிய உடலில் ஈயம் எளிதில் சேரும் என்பதால், கீரையும் கேழ்வரகும் பாலும் நன்றாகக் கொடுக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்.

மூன்று மாதம்! அதற்குள் வீட்டைக் குழந்தைக்கு ஏற்றதாக்கியாக வேண்டும். இயந்திரம் திருப்பி அனுப்பப்பட்டது. வேலையை ஆசாரியார் சொன்ன முறையிலேயே செய்வதென்று முடிவாயிற்று. நானும் அங்கேயே தங்கினேன்.

முதலாவதாக, சிறிய அறையில் கிடந்த தூசி. துடைப்பத்தைத் தொடவே அவர் விடவில்லை. பெருக்கினால் தூசி எழும்பி மறுபடியும் படியும். நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சு கருவியால் உறிஞ்சி, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் நீரையும் அடிக்கடி மாற்றினோம். சுவர், சன்னல் கட்டை, கதவின் மேல்விளிம்பு என ஒன்றும் விடுபடவில்லை.

அடுத்து, கூடத்திலிருந்து வீட்டினுள் செல்லும் வாயில்களைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் ஒட்டி மூடினார்கள். வெளிப்புறச் சன்னல்கள் மட்டும் திறந்திருந்தன. உள்ளே செல்பவருக்கென்று தனி உடை, நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி. வெளியே வந்ததும் கையும் முகமும் கழுவிய பிறகே தேநீர். அந்த உடைகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைப்பதில்லை.

வர்ணத்தை நீக்க வழிகள் பல உண்டு. காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றினால் வர்ணம் கழன்றுவிடும். ஆனால் தேக்கைப் போன்ற மரங்கள் அதில் கறுத்துப் போகும், நாரும் எழும்பும். மெத்திலீன் குளோரைடு கலந்த நீக்கிகள் விரைவாக வேலை செய்யும். ஆனால் காற்றோட்டமற்ற அறைகளில் அவற்றின் ஆவியே ஆளைக் கொன்றதுண்டு. அவற்றைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்காவில் 2019-இல் தடை செய்தனர். நெருப்பு விளக்கால் சுட்டு நீக்குவது பழைய வழக்கம். மிகுந்த சூட்டில் ஈயம் புகையாக எழுந்து நுரையீரலுக்குள் புகும் என்பதால் அதுவும் ஆகாது.

ஆசாரியார் தேர்ந்தது வெப்பக்காற்றுக் கருவி. அதைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு கையகலம் பூச்சின் மேல் காட்டுவார். வர்ணம் புகையக் கூடாது. பால் ஆடை போலச் சுருங்க வேண்டும். சுருங்கிய கணத்தில் அகன்ற சுரண்டியை மரத்தின் நார் ஓடும் திசையிலேயே செலுத்துவார். நான்கு தலைமுறைப் பூச்சும் ஒரே நாடாவாகச் சுருண்டு வரும். பலகைகளின் இடுக்கில் கருவி எட்டாத இடங்களில், பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த பசை போன்ற நீக்கியைத் தடவி, மேலே விரிப்பை மூடி, மறுநாள் கூரிய கொக்கியால் எடுப்பார். சுரண்டிய சில்லுகளைத் தடித்த பைகளில் கட்டி வைத்தார். குளிருக்கு அடுப்பில் போட்டு எரிக்கவோ, காய்கறித் தோட்டத்தில் கொட்டவோ கூடாது என்று உதவியாளனுக்குத் தினமும் நினைவூட்டினார். நகராட்சியில் விசாரித்து, தீங்கான கழிவு என்று சொல்லியே ஒப்படைத்தோம்.

நாளொன்றுக்கு இருபது சதுர அடி. அதற்கு மேல் நகரவில்லை. கூடம் மட்டும் பதினொரு நாள் பிடித்தது.

இடையில் ஒரு ஞாயிறன்று வேலை ஓய்ந்திருந்தது. ஆசாரியார், “ஐயா, மரத்தின் ஆயுளைப் பார்க்க வேண்டுமானால் உதகைக்குப் போய் வாருங்கள்” என்றார். அவர் சொற்படி புனித ஸ்தேவான் ஆலயத்திற்குச் சென்றேன். 1829-இல் அடிக்கல் நாட்டி 1830-இல் திருநிலைப்படுத்தப்பட்ட அந்த ஆலயத்தின் மரங்கள், சீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவை. அரசர் 1799-இல் மாண்டார். அவருடைய உத்திரங்களோ மலையேறி வந்து, இன்றும் ஒரு கூரையைத் தாங்கி நிற்கின்றன! அண்ணாந்து பார்த்தபோது, நல்ல மரம் ஒரு மனிதருக்கு மட்டும் உரியதன்று என்ற எண்ணம் எழுந்தது. இம்மலையின் மேற்குச் சரிவுக்கு அப்பால் நிலம்பூரில், மலபார்க் கலெக்டராக இருந்த கோனொலி 1840-களில் தேக்குத் தோட்டம் போட்டதும் பின்வரும் தலைமுறைகளுக்காகத்தான். தேக்கு பருத்து முதிர அறுபது எழுபது ஆண்டுகள் வேண்டும். நட்டவர் அறுப்பதில்லை, அறுத்தவர் கட்டிய வீட்டில் வேறொருவர் வாழ்கிறார்.

திங்களன்று ஆசாரியாரிடம் இதைச் சொன்னபோது அவர் தரையைச் சுட்டிக் காட்டினார். “அதனால்தான் இயந்திரம் வேண்டாம் என்றேன். பலகையின் கனம் ஓரங்குலம். நாக்குக்கு மேலே இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. இயந்திரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தின்னும். நாக்கு வெளியே தெரிந்துவிட்டால் தரை அவ்வளவுதான். இந்தக் குழந்தையின் பிள்ளைகளுக்கும் மரம் மிச்சம் இருக்க வேண்டாமா?” என்றார்.

வர்ணம் போன பிறகும் மரத்தின் நுண்துளைகளில் அதன் சாயல் தங்கியிருந்தது. ஆணித் தலைகளையெல்லாம் உள்ளே இறக்கிவிட்டு, மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை இரு கையாலும் வளைத்துப் பிடித்து, பலகை பலகையாக இழுத்தார். அதில் தூசி எழுவதில்லை. வெங்காயச் சருகு போன்ற சீவல்தான் விழும். கடைசியில் நீர் தெளித்துக்கொண்டே நயமான தாளால் கையால் தேய்த்தார்கள். அப்பொழுதுதான் அறையில் புதுத் தேக்கின் மணம், பதனிட்ட தோலின் வாசனையைப் போல எழுந்தது. மருமகன் மண்டியிட்டு அந்தப் பலகையின் மேல் கையை வைத்தார். முன்பு கதவருகே நின்ற முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

சில நாள் வெயிலில் உலரவிட்டு, தேக்கின் இயற்கை எண்ணெய் பூச்சோடு சேராமல் தடுக்கும் என்பதால் ஸ்பிரிட்டு நனைத்த துணியால் துடைத்து, ஆளி விதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை, இடையிடையே இரண்டு மூன்று நாள் விட்டுத் தடவினார்கள். முடிவில் தேன்மெழுகு. எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அவை தாமே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஆகையால் ஆசாரியார் அவற்றை நீரில் அமிழ்த்தியே வைத்தார். மழை பிடிக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

மே மாதத்தில் மறுபடியும் மலையேறினேன். மூன்று மாதத் தவணை முடிந்து குழந்தைக்கு மறுசோதனை ஆகியிருந்தது. அளவு 6-லிருந்து 3-க்கு இறங்கியிருந்தது. இன்னும் சில மாதங்கள் சோதனை தொடர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாட்டியின் இடுப்பில் அமர்ந்து அன்றுதான் குழந்தை வீட்டுக்குத் திரும்பிற்று.

வாசகர்களே, நம்மில் பெரும்பாலோர் வீட்டில் மரத்தளம் இராது. ஆனால் வர்ணம் பூசிய பழைய கதவும், சன்னலும், மரத்தொட்டிலும், பாட்டனார் காலத்து அலமாரியும் இல்லாத வீடு எது? பண்டிகைக்கு வர்ணம் அடிக்குமுன் அவற்றை உப்புத்தாளால் உலரத் தேய்ப்பது நம் வழக்கம்; அருகிலேயே பிள்ளைகள் விளையாடுவதும் வழக்கம். உதிராமல் உறுதியாக இருக்கும் பழைய பூச்சை நோண்டாமல் மேலே பூசுவதே போதும். நீக்கியே ஆக வேண்டுமாயின் முதலில் சோதியுங்கள், பிள்ளைகளையும் கருவுற்ற பெண்களையும் வேறிடம் அனுப்புங்கள், ஈரமாகவே நீக்குங்கள், ஈரமாகவே துடையுங்கள்.

அன்று குழந்தையைத் தரையில் இறக்குமுன் என் தங்கை மகள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, கூடத்தின் நடுவே ஒரு முறை இழுத்தாள். திருப்பிப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. அதை எங்களுக்கும் காட்டிவிட்டு, “விடுங்கள் அம்மா” என்றாள். பாட்டி குனிந்து குழந்தையை விட்டாள். அது சன்னல் வெளிச்சம் விழுந்த பலகையை நோக்கித் தவழ்ந்து போயிற்று.